ஆறாம் அத்தியாயம்: புதன்கிழமைக் கடமை

வயது முதிர்ந்த ஒருவருடைய கணினியைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டு நம்மில் பலர் செய்கிற முதற்பிழையை நானும் செய்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொண்டே இந்த அத்தியாயத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாகவும் பிறகு தலைமைக் குமாஸ்தாவாகவும் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, மன்னார்குடியில் தம் வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கும் கணினியில் காலையில் பத்திரிகை படிப்பார். பிற்பகலில் பென்ஷன் கணக்குப் பார்ப்பார். மாலையில் ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேத்தியோடு முகம் பார்த்துப் பேசுவார். ஒரு பொங்கல் விடுமுறையில் அங்கே சென்றிருந்த நான், அந்த யந்திரத்தில் பல மாதங்களாகத் தேங்கிக் கிடந்த புதுப்பிப்புகளைக் கண்டு பதறி, அவர் உறங்கிய பின் இரவோடு இரவாக அதை விண்டோஸ் 10-லிருந்து விண்டோஸ் 11-க்கு மாற்றிவிட்டு, பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தியோடு படுத்துக்கொண்டேன். விடிந்ததும் கணினியின் முன் அமர்ந்த பெரியப்பா, பல ஆண்டுகளாகத் திரையின் இடது மூலையில் இருந்த தொடக்கப் பொத்தான் அடிவரிசையின் நடுவே போய் நிற்பதையும், தமக்குப் பழக்கமான சின்னங்கள் உருமாறிக் கிடப்பதையும் சிறிது நேரம் மௌனமாகப் பார்த்துவிட்டு, "இது யாருடைய கம்ப்யூட்டர்?" என்று கேட்டார்.

ஒருவர் உறங்கும்போது அவர் வீட்டு அடுக்களைப் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் துலக்கி வைத்திருக்கிறேன் என்று பெருமை பேசுவது எப்படியோ அப்படித்தான் நான் செய்த காரியமும். செட்டிங்ஸ் என்னும் பகுதிக்குள் பர்சனலைசேஷன், அதனுள் டாஸ்க்பார், அதனுள் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்று போய் அந்தப் பொத்தானை இடப்பக்கமே திரும்பக் கொண்டுவருவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆயினும் அதன் பிறகு ஏறக்குறைய ஆறு மாத காலம், புதுப்பிப்பு அறிவிப்பு தோன்றும்போதெல்லாம் பெரியப்பா 'பிறகு நினைவூட்டு' என்பதையே அழுத்தி வந்தார். நான் ஊருக்குப் போனால் என் கண்ணெதிரிலேயே, சற்று அழுத்தமாகவே, அழுத்தினார். ஆகையால் இந்த நூலை வாசிக்கும் மகன், மகள், பேரன், பேத்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆகிய அனைவரையும் நான் முதலில் வேண்டிக்கொள்வது, யந்திரத்திற்கு உரியவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, மௌஸ் அவர் கையிலேயே இருக்க, நாம் பக்கத்து ஸ்டூலில் இருந்துகொண்டு வாயால் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்பதாகும். இதனால் பத்து நிமிஷ வேலை ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

புதுப்பிப்பை மறுக்கும் பெரியவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று தீர்மானித்துவிடுகிறவர்கள், அவர்கள் எவ்வளவு சிரத்தையோடு நம் உபதேசத்தையே பின்பற்றுகிறார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. தெரியாத எதையும் அழுத்தாதீர்கள் என்று வங்கி சொல்கிறது, போலீஸார் சொல்கிறார்கள், பத்திரிகை சொல்கிறது, நாமும் தொலைபேசியில் தவறாமல் சொல்கிறோம். இத்தனை பேர் சொன்னதையும் மனத்தில் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் முன், திரையோரத்தில் ஒரு பெட்டி முளைத்து, உடனே மறுதொடக்கம் செய்யும்படி ஆங்கிலத்தில் அவசரப்படுத்துமானால், அதை அவர் அழுத்தாமல் இருப்பதில் என்ன குற்றம் காண முடியும்? "இந்தப் பெட்டியும் அழுத்து என்கிறது, போன மாதம் சங்கு ஊதிக்கொண்டு வந்ததே, அந்தப் பெட்டியும் அழுத்து என்றது. நான் எதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது?" என்று பெரியப்பா கேட்டபோது, எழுத்துப் பிழை, நிறம், முகவரி என்று நான் அடுக்கிய அடையாளங்கள் எனக்கே திருப்தி தரவில்லை. திருடன் நாளைக்கே பிழையில்லாத இங்கிலீஷ் எழுதிவிடுவானே!

யோசித்துப் பார்த்ததில், பெட்டிகளைப் பிரித்தறியும் பாரத்தை அவர் தலையில் ஏற்றுவதே தவறு என்று எனக்குத் தோன்றிற்று. தானாக வந்து அழைக்கிற எந்த அறிவிப்பையும், அது மெய்யாயினும் பொய்யாயினும், அழுத்த வேண்டியதே இல்லை. அதை மூடிவிட்டு, தாமே தொடக்கப் பொத்தானை அழுத்தி, செட்டிங்ஸுக்குள் சென்று, விண்டோஸ் அப்டேட் என்ற பக்கத்தைத் திறந்து பார்த்தால் போதும். விண்டோஸ் 11-இல் அது இடப்பக்க வரிசையின் அடியில் இருக்கிறது; விண்டோஸ் 10-இல் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி என்பதற்குள் இருக்கிறது. இயங்குதளத்துக்கு உண்மையான புதுப்பிப்பு இருந்தால் அது அங்கே காத்துக்கொண்டிருக்கும். அங்கே இல்லாதது திரையில் எவ்வளவு கூச்சலிட்டாலும் இயங்குதளத்தைச் சேர்ந்ததன்று. ஆப்பிள் கணினி வைத்திருப்போருக்கு இதே வாசல், மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தை அழுத்தி, சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட் என்ற வழியில் இருக்கிறது. இந்த ஒரு வாசலைக் காட்டிய அன்றுதான் பெரியப்பாவின் முகம் தெளிந்தது. "அப்படிச் சொல். தபாலில் வருவது எதையும் நம்பாதே, பதிவேட்டைப் போய்ப் பார் என்கிறாய்" என்றார். இதைவிடத் துல்லியமாக நான் சொல்லியிருக்க முடியாது.

வாசலைக் காட்டிய பிறகு நாளைக் குறிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல் தன் பாதுகாப்புத் திருத்தங்களை, அவசரமான சிலவற்றைத் தவிர, ஒவ்வொரு மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று வெளியிடும் வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அது காலை பத்து மணி. நமக்கோ அது இரவு பத்தரை, குளிர்காலமானால் பதினொன்றரை. ஆகவே நம் வீடுகளுக்கு அது புதன்கிழமைக் காலையில்தான் வந்து சேர்கிறது என்று கொள்ளலாம். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, மாதம் ஒரு புதன்கிழமையை இதற்கென ஒதுக்கச் சொல்வதில் யாதொரு சிரமமும் இல்லை. அது எப்போதும் இரண்டாம் புதன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாதம் புதன்கிழமையில் பிறந்தால் அது மூன்றாம் புதனாகிவிடும். இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாள், அதாவது 9-ஆம் தேதிக்கும் 15-ஆம் தேதிக்கும் இடையில் வரும் புதன், என்று நாட்காட்டியில் சிவப்பு மையால் பன்னிரண்டு வட்டங்களைப் போட்டுக் கொடுத்துவிடுவது உத்தமம்.

'இத்தனை காலம் செய்யாமல் என்ன கெட்டுப்போயிற்று?' என்ற கேள்வி கட்டாயம் வரும். பொதுவாகப் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சொல்வதில் பயனில்லை. நடந்ததைச் சொல்ல வேண்டும். 2017 மார்ச் 14-ஆம் தேதி, விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியாயிற்று. அதை வாங்கிப் போட்டுக்கொள்ள உலகத்துக்கு இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. மே 12-ஆம் தேதி, அதே ஓட்டையின் வழியாக வானாகிரை என்னும் நச்சுநிரல் புகுந்து, நூற்றைம்பது நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறந்துவிட முந்நூறு டாலர் கேட்டது. இங்கிலாந்தில் பல அரசாங்க ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பின. ஏறத்தாழ 19,000 சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அங்கே பீடிக்கப்பட்ட யந்திரங்களில் பெரும்பாலானவை, திருத்தம் கையெட்டும் தூரத்தில் இருந்தும் அதைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கணினிகள். இதைக் கேட்ட பெரியப்பா, திருடனுக்கு வீட்டின் சாவியை யாரும் கொடுக்கவில்லை, பூட்டு ரிப்பேர்க்காரன் வந்து கதவைத் தட்டியபோது திறக்காமல் இருந்துவிட்டார்கள் என்றார்.

எதிர்க்கேள்வியும் உடனே வந்தது. 2024 ஜூலை 19-ஆம் தேதி விமான நிலையங்களில் திரைகளெல்லாம் நீலமாகி, பயணிகள் கையால் எழுதிய சீட்டோடு நின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்திருந்த அவர், அதுவும் ஒரு புதுப்பிப்பினால் வந்த வினைதானே என்றார். மெய்தான், ஆனால் அது மைக்ரோசாஃப்டின் மாதாந்தரப் புதுப்பிப்பு அன்று. பெரிய ஸ்தாபனங்களுக்குப் பாதுகாப்பு மென்பொருள் விற்கும் கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனி அனுப்பிய பிழையான கோப்பு, ஏறக்குறைய 85 லட்சம் கணினிகளை முடக்கிற்று; வீட்டுக் கணினிகளில் அந்த மென்பொருளைக் காண்பது அரிது. இப்படிச் சொல்லிவிட்டு, புதுப்பிப்பினால் ஒருபோதும் உபத்திரவம் வராது என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். சில மாதங்களில் அச்சுப்பொறி அடம் பிடிக்கும். சில மாதங்களில் வேறேதேனும் கோளாறு நேர்ந்து, சில நாளில் அதற்கொரு திருத்தம் வரும். 'வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்வதும், சொன்னபடி பார்த்துக்கொள்வதும் போதும்.

இனிப் புதன்கிழமை நடக்க வேண்டிய காரியத்தைச் சாவகாசமாகப் பார்ப்போம். மின்வாரியத்தின் மாதாந்தரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு அந்தப் பகுதிக்கு இருக்கிறதா என்று முதல் நாள் பத்திரிகையில் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால் வியாழக்கிழமைக்குத் தள்ளிப் போடுவதில் தோஷமில்லை. மடிக்கணினியானால் சார்ஜரைச் செருகிவிட வேண்டும். மேசைக் கணினியானால் யூ.பி.எஸ். இருப்பது நல்லது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்களுக்கு நாளொன்றுக்குக் கிடைக்கிற ஒன்றரை அல்லது இரண்டு கிகாபைட்டில் பெரும்பகுதியைப் புதுப்பிப்பே விழுங்கிவிடக்கூடும். அத்தகையோர் வீட்டில் அந்த ஒரு நாளைக்காவது நல்ல இணைப்புக்கு வழி செய்துகொடுக்க வேண்டும். அடுத்து, பலரும் மறந்துவிடுகிற ஒரு விஷயம் உண்டு. மடிக்கணினியின் மூடியைச் சாத்துவதையே அணைப்பதாக எண்ணி மாதக்கணக்கில் மறுதொடக்கமே செய்யாதவருக்கு, யந்திரம் மறுபடி விழித்து எழுந்து பின் நம்பரைக் கேட்கும்போது அது நினைவில் இராது. ஆதலால் முதன்முறை மறுதொடக்கம் செய்யுமுன், அந்த எண்ணும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லும் அவருக்குத் தெரியுமா என்று விசாரித்து, ஒரு தாளில் எழுதி, பீரோவில் பத்திரங்களோடு வைக்கச் சொல்லுங்கள். கணினியின் மீதே ஒட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போடுவதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிறகு, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' என்ற பொத்தானை அவர் அழுத்தட்டும். இறக்கம் முடிந்ததும் 'ரீஸ்டார்ட் நௌ' என்று கேட்கும். அதற்கு முன் திறந்திருக்கும் கடிதம், கணக்குத் தாள் எல்லாவற்றையும் சேமித்து மூடிவிடச் சொல்ல வேண்டும். கணினியை அணைத்து மறுபடி போடுவதும் மறுதொடக்கமும் ஒன்றென்று பெரியவர்கள் மட்டுமல்லர், நம்மிலும் பலர் நினைக்கிறோம். இந்தக் காலத்து விண்டோஸ், சாதாரணமாக அணைக்கும்போது தன் உட்கருவைத் துயிலில் வைத்துவிட்டு விரைவாக எழுவதற்காகப் பாதி தயாராகவே இருக்கிறது. முழுமையாக இறங்கி ஏறுவது மறுதொடக்கத்தில்தான். அந்த வேளையில் திரையில் ஒரு வட்டம் சுழலும். சதவீதக் கணக்கு ஓடும். ஓடிக்கொண்டே இருந்தது ஓரிடத்தில் நின்றுவிட்டாற்போல் அரை மணி நேரம் கூட அசையாமல் இருக்கும். பெரியவர்கள் பயப்படுகிற இடம் இதுதான். அவசரப்பட்டு மின்பொத்தானை அழுத்திக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிற இடமும் இதுதான். 'கணினியை அணைக்காதீர்கள்' என்று அங்கே ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை முன்கூட்டியே தமிழில் சொல்லிவைத்து, அந்த நேரத்துக்குக் காப்பி போடுவதையோ பூப்பறிப்பதையோ ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். திரும்ப வந்து பார்க்கையில் அதே பக்கத்தில் பச்சைக் குறியோடு 'யூ ஆர் அப் டு டேட்' என்றிருந்தால் வேலை முடிந்தது. அவர் வேலை செய்கிற நேரத்தில் யந்திரம் தானாக மறுதொடக்கம் ஆகாமலிருக்க, 'ஆக்டிவ் அவர்ஸ்' என்ற இடத்தில் விடியற்காலையிலிருந்து இரவு வரை, அதிகபட்சம் பதினெட்டு மணி நேரம், காவல் போட்டுவிடலாம்.

மாதாந்தரத் திருத்தம் ஒன்று; ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில், வருகிற பெரிய பதிப்பு மற்றொன்று. முன்னதை உடனே செய்யலாம். பின்னதில் ஓரிரு மாதம் பொறுத்திருப்பதே என் அபிப்பிராயம். பிறர் இடறி விழுந்த கற்களை அதற்குள் கம்பெனியே பொறுக்கிவிடும். மத்திய அரசுப் பென்ஷன் பெறுகிறவர்களுக்கு நவம்பர், உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டிய மாதம். கைரேகைக் கருவியைக் கணினியில் இணைத்து அதைச் செய்கிறவர் வீட்டில், சான்று போய்ச் சேரும் வரை பெரிய பதிப்பை நினைக்கவே கூடாது. அந்தப் பதிப்பை ஏற்றுமுன் படங்களையும் பத்திரப் பிரதிகளையும் ஒரு வெளி வட்டில் நகலெடுக்க வேண்டும். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். புதுப்பிப்புக்குப் பின் சில சமயம் நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. முன்னதாகவே எடுத்து எழுதி, பீரோத் தாளில் சேர்த்துவிடுங்கள். இவ்வளவுக்குப் பின்னும் புதிய பதிப்பு பிடிக்கவில்லையானால், சாதாரணமாகப் பத்து நாட்களுக்குள் சிஸ்டம், ரெகவரி, கோ பேக் என்ற வழியில் பழையதற்குத் திரும்ப முடியும். இந்தத் திரும்பும் வழி இருக்கிறது என்று சொன்னவுடனேயே பாதிப் பேர் சம்மதித்துவிடுகிறார்கள். திரும்பினவர் யாரையும் நான் கண்டதில்லை.

எந்தப் புதன்கிழமையாலும் தீராத சங்கடம் ஒன்று உண்டு. 2015 ஜூலையில் பிறந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு இலவசப் பராமரிப்பு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு ஏறலாமென்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், 4 கிகாபைட் நினைவகமும், 64 கிகாபைட் சேமிப்பிடமும், இன்டெல் ஆனால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய யந்திரங்களில் அநேகமானவை இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை. எங்கள் அத்தை, பெரியப்பா வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருப்பவர், வைத்திருக்கும் மேசைக் கணினி அப்படித் தேறாத ஒன்று. இத்தகைய யந்திரங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற ஒரு திட்டம் இருக்கிறது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பாகிய 22எச்2 இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்து, அமைப்புகளை அவர்கள் சேமிப்பகத்தோடு ஒத்திசைத்தால் செலவில்லை. அது வேண்டாம் என்பவர் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான பணம் கட்டலாம். பதிவு செய்யும் இணைப்பும் அதே விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இருக்கிறது. வேறெங்கும் பணம் கட்டச் சொல்வார்களானால் கட்டக்கூடாது. தகுதியில்லாத கணினியில் குறுக்கு வழியால் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவதாகச் சொல்லும் கெட்டிக்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. தம் கணினியில் அவர்கள் எதையும் செய்துகொள்ளட்டும், எழுபது வயதுக்காரர் கணினியில் வேண்டாம்.

இணையமும் கடிதமும் மட்டுமே வேண்டியவருக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் பழைய யந்திரத்துக்கு மறுபிறவி கொடுக்கும். சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருக்கிறது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினி, பேரன் வேலைக்குப் போன பின் தாத்தாவின் கைக்கு வந்து சேர்ந்திருக்குமானால், அதற்கு இது பொருத்தமான வழி. ஆயினும் பொத்தானின் இடம் மாறியதற்கே ஆறு மாதம் மனவருத்தம் கண்டவன் ஆகையால், இயங்குதளத்தையே மாற்றும் யோசனையை நான் மெதுவாகத்தான் சொல்லுவேன். முதலில் ஒரு பென் டிரைவிலிருந்து அதை ஓட்டிக் காட்டலாம். வட்டில் ஏற்றாமலே பார்த்துப் பழகச் சௌகரியம் இருக்கிறது.

தூரதேசத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸிலேயே க்விக் அசிஸ்ட் என்ற கருவி இருக்கிறது. கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ என்ற மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திறக்கும். நீங்கள் உங்கள் பக்கத்தில் உருவாக்கிச் சொல்லும் குறியீட்டை அவர் தம் பக்கத்தில் இட்டு, அனுமதி கொடுத்தால் அவர் திரை உங்களுக்குத் தெரியும். இது எவ்வளவு உதவியோ அவ்வளவு ஆபத்து. ஏமாற்றுக்காரர்கள் கேட்பதும் இதே போன்ற குறியீட்டைத்தான். ஆகையால் நீங்கள் அழைத்துக் குறியீட்டைச் சொல்லாமல், அவர் உங்கள் எண்ணை அழைத்த பிறகே சொல்வது என்று நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருப்பதில்லை. எண் தெரிந்தால் அது பொய். திரை மூட மறுத்தால் மின்பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். புதுப்பிப்பின்போது செய்யக் கூடாதது இங்கே செய்யத் தக்கது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் கணினியின் இணைப்பைத் துண்டித்து, வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும். வெட்கத்தால் பிள்ளைகளிடம் மறைத்து ஒரு நாளைப் போக்கிவிடுகிறவர்கள் உண்டு. முன்பு ஏதோ ஒரு சிறு தவற்றுக்கு நாம் கோபித்துக்கொண்டதன் பலன் அது.

பெரியப்பா இப்போது எண்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு கிழித்து, தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, குறிப்பு என்று நான்கு பத்திகளாகப் பதிவேடு வைத்திருக்கிறார். 'மறுதொடக்கம் இரண்டு முறை கேட்டது. கொடுக்கப்பட்டது' என்றும், '41 சதவீதத்தில் 25 நிமிடம் நின்றது. நானும் காத்திருந்தேன்' என்றும் அதில் எழுதியிருக்கிறார். புதன்கிழமை பத்தரை மணிக்குத் தம் யந்திரத்தை முடித்துக்கொண்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி அத்தை வீட்டுக்குப் போய், மௌஸைத் தொடாமல் பக்கத்தில் நின்று, அவர் கையாலேயே அதைச் செய்யவைக்கிறார் என்று அத்தை சொன்னார். கொஞ்சம் அதட்டலும் உண்டாம். அந்த நோட்டின் பின்பக்கத்தில் அத்தையின் கணினிக்கென்று தனியே ஒரு தலைப்பிட்டு, அதன் கீழே சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: 'வாய்தா 13-10-2026. அதற்குள் புது யந்திரம் அல்லது மாற்று ஏற்பாடு. தம்பியிடம் விலை விசாரிக்க.'